பிசின் கற்பித்த பாடம்

தாயகத்தில் விஞ்ஞான ஆசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், கலத்தின் அமைப்பைக் கரும்பலகையில் வெண்கட்டியால் வரைந்தே கற்பித்தேன். உண்மைக் கலங்களை இலத்திரன் நுணுக்குக்காட்டிக்கென ஆயத்தஞ் செய்யும் பணி, புலம்பெயர்ந்த பின்னரே எனக்கு வாய்த்தது. அப்பணியில் நான் கற்ற பாடமொன்றை இம்மலர் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

எமது ஆய்வுகூடத்துக்கு வரும் சுண்டெலியின் மூளைத்துண்டு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அளவினது. முதலில் அது சிதைந்துபோகாவண்ணம் குளூற்றரல்டிகைட்டு முதலிய இரசாயனங்களால் நிலைப்படுத்தப்படும். பின்னர் ஒசுமியம், யுரேனியம், ஈயம் ஆகிய பார உலோகங்களின் சேர்வைகளில் ஊறவைக்கப்படும். இவை மென்சவ்வுகளிற் படிவதாலேயே படத்தில் அவை துலங்குகின்றன. அடுத்து, செறிவு படிப்படியாக ஏற்றப்படும் மதுசாரத்தில் இழையத்தின் நீர் முழுவதும் அகற்றப்படும். நீர் நீங்கிய இடத்திற் பிசின் சிறிது சிறிதாக ஊறவேண்டும். இறுதியில் 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஏறத்தாழ இரண்டு நாட்கள் வைத்தால், அது கல்லென இறுகும்.

2004 இல் வின்பிரீட் டெங்க், ஹைன்ஸ் ஹோர்ஸ்ட்மன் ஆகியோர் ஜேர்மனியிலிருந்து வெளியிட்ட முறையின்படி, நுணுக்குக்காட்டியின் உள்ளேயே வைரக்கத்தி அக்கட்டியின் மேற்பரப்பைச் சீவும். சீவுந்தோறும் வெளிப்படும் புதிய முகம் படமாக்கப்படும். சீவல் 30 நனோமீற்றர் தடிப்பாயின், ஒரு மில்லிமீற்றரில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட சீவல்கள் அடங்கும். ஒருமுறை சீவிய பகுதியை மீண்டும் பார்த்தல் இயலாது.

ஒரு வெள்ளிக்கிழமை, மறுநாள் தமிழ்ப் பாடசாலைக்கு வரவேண்டுமென்ற அவசரத்தில், பிசின் ஊறவேண்டிய நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். இறுகிய கட்டி வெளியே குறையின்றிப் பளபளத்தது. கத்தி நடுப்பகுதியை எட்டியபோதோ, பிசின் புகாத இழையம் பிய்ந்து உதிர்ந்தது. இறுகிய பின்னர் உள்ளே எதனையும் ஊட்ட வழியில்லை. இளம் ஆய்வாளர் ஒருவரின் பல வார உழைப்பு என்னாற் பாழாயிற்று. அவரிடம் உண்மையைக் கூறித் தலைகுனிந்து நின்றேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை, வகுப்பில் ஒரு சிறுமி எழுத்துக்களைத் தடையின்றி ஒப்புவித்தாள். அவ்வெழுத்துக்களாலான புதிய சொல்லொன்றை வாசிக்கச் சொன்னபோது விழித்தாள். பரீட்சைக்கு முன் பாடநூலை முடித்துவிட நான் விரைந்ததன் விளைவு அது. அன்றே முதற்பாடத்துக்குத் திரும்பினோம்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் வகுப்பு இவ்வாண்டு சில பாடங்கள் பின்தங்கியிருப்பது உண்மையே. அதற்குப் பொறுப்பு நானே. இறுகிய பிசினுக்கு இல்லாத வாய்ப்பு எம் பிள்ளைகளுக்கு உண்டு, மீண்டும் தொடங்கலாம். இம்முறை ஊறும்வரை காத்திருப்போம்.