கைதட்டல் மெதுவாக வரட்டும்

பிறர் பாட்டைப் பாடினால் கைதட்டல் அன்றைக்கே கிடைத்துவிடும். சொந்தப் பாட்டுக்கு எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இருந்தாலும் ஆயுளில் ஒரு தடவையாவது சொந்தப் பாட்டைப் பாடிவிட வேண்டும் என்பது என் கட்சி.

திருத்தணியில் மைக்செட் வாடகைக்கு விட்டுப் பிழைத்தவன் நான். ஆடிக் கிருத்திகை, கல்யாணம், கட்சிக் கூட்டம், மெல்லிசைக் கச்சேரி என்று எல்லாவற்றுக்கும் குழாய் கட்டியிருக்கிறேன். மெல்லிசை மேடைகளில் ஊருக்கு ஒரு டி.எம்.எஸ்., ஊருக்கு ஒரு எஸ்.பி.பி. இருந்தார்கள். அச்சு அசல் அதே குரல். 'ஒன்ஸ்மோர்' கேட்காத கூட்டமே கிடையாது. ஆனால் விடிந்தால் அவர்களுடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவிருக்காது. அவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தக் குரலால்தான் அவர்கள் வீட்டில் உலை கொதித்தது. அவர்களுக்குள்ளே இருந்த பாட்டு என்ன ஆயிற்று என்பதுதான் என் கவலை.

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகன் ஒருமுறை ராக் மெஷின் என்ற பம்பாய்க் குழுவின் கேசட்டைக் கொண்டுவந்து என் ஆம்ப்ளிஃபயரில் போட்டான். காது கிழிகிற கிடார். பாட்டு எனக்குப் புரியவில்லை. அவர்களுடைய கதை புரிந்தது.

1984இல் தொடங்கிய குழு அது. அந்த நாளில் நம் நாட்டில் ராக் வாசிப்பவர்கள் டீப் பர்ப்பிள், லெட் செப்பலின் போன்ற வெளிநாட்டுக் குழுக்களின் பாட்டை அப்படியே வாசித்தாக வேண்டும். கல்லூரி விழாக்களில் பிள்ளைகள் கேட்டதும் அதைத்தான். ராக் மெஷினும் அப்படித்தான் கைபழகியது. பிறகு துணிந்து சொந்தப் பாட்டு எழுத ஆரம்பித்தார்கள். 1988இல் 'ராக் அண்ட் ரோல் ரெனிகேட்', 1990இல் 'தி செகண்ட் கமிங்' என்று இரண்டு ஆல்பங்கள் வந்தன. 1993இல் பெயரையே இண்டஸ் க்ரீட் என்று மாற்றிக்கொண்டார்கள். நன்றாக ஓடுகிற கடையின் போர்டைத் தானே கழற்றுகிற மாதிரியான காரியம். 1995இல் அந்தப் புதுப் பெயரையே தலைப்பாக வைத்து மூன்றாவது ஆல்பம் வந்தது.

1997இல் குழு கலைந்தது. பாடகர் உதய் பெனகலும் கிடார் கலைஞர் ஜெயேஷ் காந்தியும் நியூயார்க் போய் வேறு குழு நடத்தினார்கள். 2010இல் உதய், கிடார் வாசிக்கும் மகேஷ் தினைக்கர், கீபோர்டு ஜுபின் பாலபோரியா ஆகிய பழைய ஆட்கள் மூவரும் மறுபடி கூடினார்கள். டிரம்ஸுக்கும் பேஸ் கிடாருக்கும் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். 2012இல் 'இவால்வ்' வெளியானது.

கூட்டிப் பார்த்தால் 28 ஆண்டுகளில் நான்கு ஆல்பங்கள். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் மட்டும் 17 ஆண்டுகள். வியாபாரக் கணக்கில் இது தேறாது. ஆனாலும் அந்த நான்கும் அவர்களுடையவை. வேறு யார் பெயரிலும் எழுத முடியாது.

பிறர் பாட்டா, சொந்தப் பாட்டா என்ற இந்தச் சோதனை இங்கிலாந்தின் பிளாக் சப்பாத் என்ற ராக் குழுவுக்கும் வந்தது. 1970 ஜனவரியில் அவர்களுடைய முதல் இசைத்தட்டாக வெளியானது வேறொரு குழுவின் பாட்டு. விற்கும் என்று சொல்லிப் பாட வைத்தார்கள். விற்பனைப் பட்டியல் பக்கமே அது போகவில்லை. அடுத்த மாதம், பெரும்பாலும் சொந்தப் பாட்டுகளைக் கொண்ட முதல் ஆல்பம் வந்தது. ஏறக்குறைய ஒரே நாளில் பதிவு செய்தது. விமர்சகர்கள் திட்டித் தீர்த்தார்கள். பிரிட்டன் பட்டியலில் எட்டாவது இடம்வரை ஏறியது.

அவ்வளவு தூரம் போவானேன்? காசியில் சில காலம் சிதம்பரநாத யோகியிடம் இருந்து திரும்பிய முத்துசுவாமி தீட்சிதர், முதல் கீர்த்தனையைச் செய்தது நம் தணிகை மலையில்தான். முருகன் கிழவராக வந்து அவர் வாயில் கற்கண்டு போட்டார் என்பது இந்த ஊரில் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. எனக்குப் பிடித்தது வேறொரு செய்தி. அந்த முதல் கீர்த்தனை மாயாமாளவகௌளை ராகம். பாட்டு கற்க உட்காரும் குழந்தைக்குச் சரளி வரிசை சொல்லித்தருகிற அதே ராகம். ஊரறிந்த பாடத்திலிருந்தே தன் பாட்டை எடுத்தார் அவர். வெள்ளைக்காரன் பேண்டு வாசித்த மெட்டுகளுக்கும் அவர் சாகித்தியம் எழுதியிருக்கிறார். அவை இன்றைக்கும் நோட்டுஸ்வரம் என்று பாடப்படுகின்றன. பிறர் மெட்டைக் காதில் வாங்குவது தவறே இல்லை. அதோடு நின்றுவிடுவதுதான் நஷ்டம்.

ஆகவே, காலை ரயிலைப் பிடித்துச் சென்னைக்கு வேலைக்கு ஓடும் தம்பி, தங்கச்சிகளுக்குச் சொல்கிறேன். வேலையை விடாதீர்கள், சம்பளம் வேண்டும். முதலாளி சொன்ன மாதிரியே செய்யுங்கள். தொழில் அப்படித்தான் கைக்கு வரும். ஆனால் உங்களுடையது என்று ஒன்றைச் சின்னதாகவாவது ஆரம்பித்து முடியுங்கள். தையற்காரர் என்றால் நீங்களே வெட்டிய ஒரு மாடல், வாத்தியார் என்றால் நீங்களே எழுதிய ஒரு பாடம். முடித்ததும் நாலு பேருக்குக் காட்டுங்கள். காட்டாமல் பெட்டியில் பூட்டியது கணக்கில் சேராது. கைதட்டல் வரவில்லையா? நல்லது, அடுத்ததை ஆரம்பியுங்கள். அதற்குப் 17 வருஷம் ஆனாலும் குற்றமில்லை.