கண்ணு நல்லாத்தான் இருக்கு, காதைப் பாத்துக்கோங்க

பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் என் கையில் இருக்கும் கேமராவைப் பார்த்ததும், "அண்ணே, இது எப்படி? வாங்கலாமா?" என்று கேட்பார்கள். மட்டி வாழை நல்லதா, ஏத்தன் நல்லதா என்று கேட்டால் உடனே சொல்லிடுவேன். இதுக்கு மட்டும் ஒரு சம்பவத்தையும் சேர்த்துச் சொல்லணும்.

என்னிடம் இருப்பது சோனி ஏஎக்ஸ்53 ஹேண்டிகேம். 2016-ல் துபாயிலிருந்து லீவுக்கு வந்த தங்கச்சி மகன் கொண்டுவந்தது. "மாமா, விளையையும் கடலையும் சும்மா பிடிச்சுப் போடுங்க" என்று கொடுத்துவிட்டுப் போனான்.

முதல்ல நல்லதைச் சொல்றேன். லென்ஸிலேயே 20 மடங்கு ஜூம். இனயம் கரையில் நின்னுக்கிட்டே தூரத்து வள்ளத்தில் வலை இழுக்கிறவரின் முகத்தைப் பார்க்கலாம், படம் உடையாது. இன்னொண்ணு, லென்ஸும் சென்சாரும் ஒரே கட்டாக உள்ளே மிதந்து ஆடும். அதனால் வாழைக்கு நடுவே நடந்துக்கிட்டே எடுத்தாலும் பார்க்கிறவங்களுக்குத் தலை சுத்தாது. வெயிலில் திரை தெரியலைன்னா கண்ணை வைத்துப் பார்க்க வ்யூஃபைண்டரும் உண்டு.

இனி குறை. சென்சார் சின்னது, 1/2.5 இஞ்ச் வகை. விடியுமுன்னே கடலுக்குப் போறவங்களை எடுக்கப் போனால் படம் பொரிபொரியாக வரும். இருட்டுக்கு அகச்சிவப்பு வசதி இருக்கு, ஆனா இயற்கையான நிறம் வராது. இதே கம்பெனியின் ஏஎக்ஸ்100-ல் சென்சார் 1 இஞ்ச் வகை. மங்கல் வெளிச்சத்துக்கு அதுதான் மேல், ஆனா ஜூம் 12 மடங்கோடு நின்னுடும். ஒண்ணை விட்டால்தான் இன்னொண்ணு கிடைக்கும். அப்புறம், உயர்ந்த 4கே தரத்தில் நொடிக்கு 100 மெகாபிட். கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. அதைத் திறந்தால் மகளின் பழைய லேப்டாப் கட்டை வண்டி மாதிரி நகரும்.

இப்போ அந்தச் சம்பவம்.

2016 ஜூலையில்தான் இனயத்தில் பெரிய துறைமுகம் கட்ட மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது. கரையும் வீடும் போயிடுமோ என்று ஊரே கலங்கிக் கிடந்த நேரம். இருப்பதையாவது படமாக வைத்துக்கொள்வோம் என்று அப்பாவின் கூட்டாளி ஒருத்தரைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். எண்பதைத் தாண்டிய கடல்காரர். நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். கடல் எடுத்துக்கொண்ட பழைய வீடுகள் எங்கே இருந்தன, எந்த இடத்தில் கரமடி இழுத்தார்கள், எந்தப் பாறைக்கு என்ன பேர் என்று கையைக் கையை நீட்டி முக்கால் மணி நேரம் சொன்னார். ஆடிக் காத்து அடிச்சுக்கிட்டு இருந்தது. நான் படத்தை மட்டுமே பார்த்துக்கிட்டு நின்னேன்.

வீட்டுக்கு வந்து போட்டால் உய்யென்று காத்து மட்டும்தான். அவர் பேச்சு நடுநடுவே ஒரு சொல், ரெண்டு சொல். கேமராவில் வெளி மைக் மாட்ட ஓட்டை இருக்கு, ஹெட்போனுக்கும் இருக்கு. நான் ரெண்டையும் தொடலை. தப்பு என்னுடையதுதான். சரி, காத்து குறையட்டும், இன்னொரு நாள் எடுப்போம் என்று விட்டுட்டேன். வாழை வெட்டு வந்தது, அப்புறம் மழை வந்தது. மறு வருசம் அவர் போய்ச் சேர்ந்துட்டார்.

துறைமுகத் திட்டம் பிறகு கிழக்கே கோவளம், கீழமணக்குடி பக்கம் நகர்ந்தது. எங்க கரை இன்னும் இருக்கு. அந்தப் பாறைகளின் பேரெல்லாம் சொல்லத்தான் ஆள் இல்லை.

போன மாசம் அவர் பேத்தி வந்து அந்தப் படத்தைக் கேட்டாள். உக்காந்து பார்த்தோம். முகத்துச் சுருக்கம், நரைத்த புருவம், நீட்டின விரலில் இருந்த பழைய தூண்டில் தழும்பு எல்லாம் அவ்வளவு தெளிவு. கடைசி வரை பார்த்துட்டு, "பாட்டா 'அன்னா அங்க'ன்னு சொல்லுதது மட்டும் கேக்குது மாமா. எங்கன்னு தெரியல்ல" என்றாள்.

அதனால், வாங்கலாமா என்று கேட்டால், பகலில் எடுக்கிறவங்களுக்குத் தாராளமாக வாங்கலாம். ஆனா அதோடு கூட ஒரு மைக்கும், அதுக்கு மேலே போடுற ரோம உறையும், ஒரு ஹெட்போனும் வாங்குங்க. வயசானவங்க பேசுறதை எடுக்கப் போறீங்கன்னா முதல்ல காதில் மாட்டிக் கேளுங்க, பிறகு ஜூம் பண்ணுங்க. காத்தடிச்சா வீட்டுத் திண்ணைக்குக் கூட்டிட்டுப் போய் உக்கார வைங்க. இன்னொரு நாள் எடுத்துக்கலாம் என்று மட்டும் விட்டுடாதீங்க.