அம்மாவின் சுறா வறை

2011 ஒக்டோபரில் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்தது. பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று அம்மா ஸ்காபரோவின் தமிழ்க் கடைகளெல்லாம் ஏறி இறங்கிப் பால்சுறா தேடினார். மார்க்கம் வீதிக் கடையொன்றில் உறைந்த துண்டங்கள் கிடைத்தன. அவித்துத் தோலுரித்து, உதிர்த்துப் பிழிந்து, தேங்காய்ப்பூவும் மஞ்சளும் மிளகுத்தூளும் பிசைந்து, வெங்காயம் வதங்கிய தாச்சியில் போட்டுக் கிளறினார். பதினாலாவது மாடி முழுக்க எங்கள் யாழ்ப்பாணத்துக் குருநகர் மணத்தது.

அதே மாதம் 25ஆம் திகதி ரொறன்ரோ மாநகரசபை 38க்கு 4 என்ற வாக்கில் சுறாச் செட்டையைத் தடைசெய்தது. செய்தி கேட்டதும் அம்மா பயந்துபோனார்.

"அப்ப இதுவும் பிழையோ தம்பி?"

பிழையில்லை, தடை செட்டைக்கு மட்டும்தான் என்று விளங்கப்படுத்தினேன். சீனர்களின் கலியாண விருந்தில் செட்டை சூப் பெரிய மரியாதை. அந்தச் செட்டைக்காகவே சுறாவைப் பிடித்து, அறுத்துக்கொண்டு, துடிக்கிற உடலைக் கடலில் தள்ளிவிடும் கொடுமையைத்தான் சபை நிறுத்தப் பார்த்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் ஒன்ராறியோ நீதிமன்றம், இது மாநகரசபையின் அதிகாரத்துக்குள் வராது என்று அந்தத் தடையைத் தள்ளிவிட்டது. 2019இல் கனடா அரசே செட்டையின் ஏற்றுமதி இறக்குமதியைத் தடைசெய்தது. ஜி7 நாடுகளில் அப்படிச் செய்த முதல் நாடு கனடா. நான் அந்தச் சட்டத்தின் பக்கம். சுறா மெதுவாக வளரும், குறைவாகவே ஈனும். பிடிக்கிற வேகத்துக்கு அது ஈடு கொடுக்காது.

ஆனால் அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் பேசிய பேச்சு இன்னும் காதில் நிற்கிறது. "சீனன் எதைத்தான் விட்டான்?" என்றார்கள். சுறாவுக்காக இரங்கிய பேச்சல்ல அது. அருவருப்பு.

அப்படிப் பேச எங்களுக்கு என்ன உரிமை? ஏஜின்கோர்ட் பக்கத்துச் சீனக் கடைகளில் கண்ணாடிப் போத்தல்களில் கறுத்துச் சுருங்கி, நெஞ்சடைக்கும் விலை ஒட்டிக்கொண்டு கடலட்டை இருக்கும். முதன்முறை பார்த்தபோது அசையாமல் நின்றேன். எங்கள் கரையில் ஆண்கள் மூச்சடக்கிச் சுழியோடி எடுத்து, அவித்து, வெயிலில் காயப்போட்டது அதைத்தான். எங்கள் வீட்டில் ஒருவரும் அதை வாயில் வைத்ததில்லை. ஆனால் அதை விற்ற காசில் எத்தனை வீடுகளில் உலை கொதித்திருக்கிறது! நாம் உண்ணாததை உண்ணும் ஒரு சனம் கடலுக்கு அப்பால் இருந்தபடியால் நாங்கள் சாப்பிட்டோம்.

எங்களுக்குள்ளேயே எல்லாரும் ஒரே சட்டியில் சாப்பிட்டவர்களா? வன்னியில் உடும்பும் மரையும் கறியாகும். அம்மா மாட்டிறைச்சியைத் தொடமாட்டார். பக்கத்து வீட்டு வேதக்கார அன்ரி நத்தாருக்கு அதைத்தான் சமைப்பார். இரண்டு பேரும் ஒரே திண்ணையில் இருந்து வெற்றிலை போட்டார்கள்.

2017இல் ரொறன்ரோவில் இன்னொன்று நடந்தது. மௌண்ட் பிளசண்ட் வீதியில் கு-கும் கிச்சன் என்ற உணவகம். க்ரீ மொழியில் அந்தப் பெயருக்குப் பாட்டி என்று பொருள். நடத்தியவர் ஜோசப் ஷவானா. மானிற்றூலின் தீவின் விக்வெமிகோங்கைச் சேர்ந்த பூர்வகுடிச் சமையற்காரர். அங்கே கடல்நாய் இறைச்சி பரிமாறப்படுகிறது என்று இணையத்தில் ஒரு மனு எழுந்தது. ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். வணிக வேட்டையில் வந்த இறைச்சி என்பது அவர்களுடைய வாதம். அனிஷினாபே பூர்வகுடிக் கலைஞர் ஐலன் கூச்சி எதிர்மனு எழுதினார். இறைச்சி விற்கிற எத்தனையோ உணவகங்கள் இருக்கும் நகரத்தில் இந்த ஒன்றை மட்டும் ஏன் பிடித்தீர்கள் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்து மறுமொழி இல்லை. அட்லாண்டிக் கரையில் வேட்டையாடப்படும் அந்தக் கடல்நாய் அருகிவரும் இனமும் அல்ல.

இப்படிப்பட்ட மனுக்களால் யார் பட்டினி கிடந்தார்கள் என்பதும் மறைவான செய்தியல்ல. 1983இல் ஐரோப்பா கடல்நாய்க் குட்டிகளின் வெள்ளைத் தோலைத் தடைசெய்தது. பூர்வகுடிகளான இனுவிட் மக்கள் அந்தக் குட்டிகளை வேட்டையாடுபவர்கள் அல்லர். ஆனாலும் எல்லாக் கடல்நாய்த் தோலின் விலையும் விழுந்தது, வடதுருவத்துக் குடும்பங்கள் வருமானம் இழந்தன. வேட்டைக்கு எதிராக முன்னின்ற கிரீன்பீஸ் அமைப்பு, 2014இல் கனடாவின் இனுவிட் மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. முப்பது வருடம் கழித்து.

அம்மாவுக்கு இந்தக் கடல்நாய்க் கதையைச் சொன்னேன். "பேரிலேயே நாய் இருக்குதே!" என்று முகத்தைச் சுளித்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கொழுப்பை என்ன செய்வினமாம்?" என்று கேட்டார்.

"அந்தக் காலத்திலை கல்லு விளக்கிலை ஊத்தி எரிப்பினமாம். அதிலைதான் வீட்டுக்குச் சூடு, சமையல் எல்லாம்."

"மரமில்லாத ஊரிலை பாவங்கள் வேற என்ன செய்யிறது" என்றார். அதற்குப் பிறகு அவர் முகம் சுளித்து நான் பார்க்கவில்லை.

எங்கள் சமையல் மணத்துக்காக லிஃப்டில் மூக்கைப் பொத்தியவர்களை நாங்கள் மறக்கவில்லை. ஆகையால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை இப்படி ஒரு மனு உங்கள் கைபேசிக்கு வரும்போது, அந்த விலங்கு அழிந்துபோகிறதா, அதை வதைக்கிறார்களா என்று தேடிப் படியுங்கள். ஆம் என்றால் கையெழுத்திடுங்கள், நானும் இடுகிறேன். அருவருப்பு மட்டும்தான் காரணம் என்றால் தயவுசெய்து இடாதீர்கள்.