வாப்பாவின் ஸ்கூட்டரும் புதிய சிலிண்டரும்



தையல் மெஷினைத் தவிர வேறெந்த இயந்திரத்தையும் தொட்டறியாத நான், ஸ்கூட்டர் எஞ்சினைப் பற்றி எழுதுவது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் வளர்ந்த பிள்ளை ஒருவன், "உம்மா, கொஞ்சம் காசு வேணும்" என்று உங்கள் முன் வந்து நின்றால், நீங்களும் சில விஷயங்களைக் கற்றேயாக வேண்டியிருக்கும்.

என் கணவர் ஆசிரியராக இருந்தவர். மாவனல்லையிலிருந்து தினமும் பாடசாலைக்குப் போய்வந்தது ஒரு வெஸ்பா பீ.எக்ஸ். 150 ஸ்கூட்டரில்தான். அவர் மௌத்தான பிறகு அதைப் படங்கால் மூடி வைத்திருந்தோம். விற்கச் சொன்னவர்கள் பலர். எனக்கு மனம் வரவில்லை.

மகனுக்குக் கண்டியில் தொழில் கிடைத்தது. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து பழைய மோட்டார் சைக்கிள்களின் விலைகூட எங்கள் கைக்கு எட்டாமல் போயிருந்தது. 2023 இல் ஒருநாள் அவன் படங்கை விலக்கி, வாப்பாவின் ஸ்கூட்டரை வெளியே எடுத்தான். மருமகளையும் பின்னால் ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவை ஏற்றத்தில் போகும்போது, ஸ்கூட்டர் மூச்சு வாங்கியது. இரண்டாவது கியரிலேயே ஊர்ந்து போக, பின்னால் பஸ்கள் ஹோர்ன் அடித்து விரட்டின. அப்போதுதான், "பெரிய சிலிண்டர் கிட் ஒண்டு போடுவோம் உம்மா" என்றான்.

நான் உடனே மறுத்துவிட்டேன். காரணம் இருந்தது. அவனுடைய கூட்டாளி ஒருவன் இப்படித்தான் எதையோ வாங்கிப் பூட்டி, ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் இறுகி, பின் சில்லு சுற்றாமல் நின்று, வீதியில் விழுந்து கையை முறித்துக்கொண்டான்.

இரண்டு நாள் வீட்டில் பேச்சு இல்லை. மூன்றாம் நாள், "மகன், சீட்டுக்காசு தாறன். ஆனால் அது எங்கே போகிறது என்று எனக்கு விளங்க வேண்டும். சொல்லித் தா" என்றேன். அவன் மேசையில் தாளை விரித்தான்.

அவன் விளக்கியது இதுதான். சிலிண்டர் என்பது ஒரு குழாய். பிஸ்டன் அதற்குள் ஏறி இறங்குகிறது. எங்கள் ஸ்கூட்டரில் அந்தக் குழாயின் விட்டம் 57.8 மில்லிமீற்றர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 57 மில்லிமீற்றர். கொள்ளளவு ஏறக்குறைய 150 சீசீ. தூரத்தை மாற்றாமல் விட்டத்தை மட்டும் 63 ஆக்கினால் 177 சீசீ வந்துவிடும். புதிய சிலிண்டர், பிஸ்டன், ரிங்ஸ் எல்லாம் சேர்ந்ததுதான் கிட்.

ஆனால் கிட் ஒன்றல்ல, பல. டீ.ஆர்., பொலினி, பினாஸ்கோ, மலோஸி என்று எல்லாம் இத்தாலியப் பெயர்கள். மலோஸியின் 166 சீசீ கிட் கொள்ளளவில் குறைந்தது என்றாலும் வேகப் பிரியர்களுக்கானது. அதன் முழுப் பலனையும் பெற எஞ்சின் உறையின் வழிகளைச் செதுக்க வேண்டும். மகனின் கண் அதில்தான் இருந்தது. பினாஸ்கோவின் 177 அலுமினியத்தால் ஆனது. டீ.ஆர். 177 வார்ப்பிரும்பு, உறையை வெட்டாமல் அப்படியே பூட்டலாம்.

இதை விளங்கிக்கொள்ள எனக்குச் சமையலறையே போதுமாக இருந்தது. அலுமினியப் பாத்திரம் சீக்கிரம் சூடாறும். இரும்புத் தாச்சி சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். ஆகவே நெடுந்தூரம் விரட்டுபவர்களுக்கு அலுமினியம் நல்லது. ஆனால் இரும்பு சிலிண்டர் தேய்ந்தால் லெய்த்தில் கொடுத்துக் கடைந்து, அடுத்த அளவு பிஸ்டனைப் போடலாம். உட்பூச்சுள்ள அலுமினிய சிலிண்டரை அப்படிக் கடைய முடியாது.

நான் அவனிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். உனக்கு வேண்டியது வேகமா, ஏற்றத்தில் இழுவையா? பழுதானால் நம்மூரில் திருத்தலாமா? வேண்டாமென்றால் பழையபடி மாற்றலாமா? அவனே சிரித்துக்கொண்டு டீ.ஆர். என்ற பெயரின் கீழ் கோடு போட்டான். செதுக்கிய உறையை மீண்டும் ஒட்ட முடியாதே!

அதன்பின் நான் ஒரு நிபந்தனை போட்டேன். முதலில் பிரேக், பிறகுதான் எஞ்சின். எங்கள் ஸ்கூட்டர் முன்னும் பின்னும் ட்ரம் பிரேக் உள்ள பழைய வகை. முன் சில்லுக்கு டிஸ்க் பிரேக் வந்தது 1998 இல்தான். எனவே பிரேக் கட்டைகள், கேபிள்கள், டயர்கள் எல்லாம் மாற்றிய பின்பே சிலிண்டர் பெட்டி திறக்கப்பட்டது. பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் கொள்ளளவு எழுதப்பட்டிருப்பதால், அதையும் காப்புறுதியையும் ஒழுங்குபடுத்தச் சொன்னேன்.

கூட்டாளியின் எஞ்சின் ஏன் இறுகியது என்று பாஸிடம் நானே கேட்டேன். "ஜெட் மாத்தேல்ல, அதுதான்" என்றார். பெரிய சிலிண்டர் கூடுதலாகக் காற்றை இழுக்கும். காபரேட்டரில் பெற்றோல் வரும் ஜெட்டின் துளையையும் அதற்கேற்பப் பெரிதாக்காவிட்டால், கலவையில் பெற்றோல் குறைந்து பிஸ்டன் அளவு மீறிச் சூடாகிறது. அதோடு, லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் எண்ணெய் கலப்பதிலும் கஞ்சத்தனம் கூடாது. ஓடும்போது எஞ்சின் இறுகுவதுபோல் தெரிந்தால் உடனே கிளச்சை அழுத்திவிட வேண்டும். சில்லு விடுபட்டுச் சுற்றும். இந்த ஒன்றைத் தெரிந்திருந்தால் அந்தப் பிள்ளையின் கை தப்பியிருக்கலாம்.

முதல் 500 கிலோமீற்றரை மகன் தனியாக, மெதுவாக, ஏற்றம் இல்லாத வீதிகளில் ஓட்டினான். அடிக்கடி பிளக்கைக் கழற்றி என்னிடம் காட்டினான். வெள்ளையாக இருந்தால் ஆபத்து, கரியாக இருந்தால் பெற்றோல் வீண், பால் தேநீரின் நிறம் என்றால் சரி. தேநீரின் நிறம் பார்க்க எனக்கா சொல்லித்தர வேண்டும்? இரண்டு தடவை வெள்ளையாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினேன். பாஸ் ஜெட்டை மாற்றிக் கொடுத்தார்.

இப்போது மருமகளோடு மூன்றாவது கியரில் ஏற்றம் ஏறுகிறதாம். பின்னேரத்தில் ஒழுங்கைக்குள் அந்தச் சத்தம் வரும்போது, அது என் கணவரின் ஸ்கூட்டர் சத்தம் அல்ல என்று எனக்குத் தெரிகிறது. சற்று கனத்த சத்தம். முதலில் மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. கழற்றிய பழைய சிலிண்டரை எண்ணெய் பூசி, துணியில் சுற்றி என் அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பூட்டலாம்.

சகோதரிகளே, பிள்ளைகள் கேட்கும் எதையும் விளங்காமலே மறுத்துவிடாதீர்கள். விளங்காமலே கொடுத்தும் விடாதீர்கள். பக்கத்தில் அமர்ந்து, "சொல்லித் தா" என்று கேளுங்கள். என் மகன் இப்போதும் பிளக்கைக் கழற்றினால் முதலில் என்னிடம்தான் கொண்டு வருகிறான்.