கூறியது கூறல்

நன்னூல் படித்தோர்க்கு நூற்குற்றங்கள் பத்தும் நினைவிலிருக்கும். அவற்றுள் ஒன்று 'கூறியது கூறல்'. இடையஞ்சாவடியில் ஞாயிறு மாலைகளில் கூடிப் படிக்கும் எங்கள் சிறு வட்டத்தில், கட்டுரை வாசிப்பவர் ஒரு கருத்தை இரண்டாம் முறை தொட்டுவிட்டால் இக்குற்றத்தைச் சுட்டி நகைப்பது வழக்கம். அக்குற்றமே விதியாக இருக்கும் தொழில் ஒன்று உண்டென்பதை எங்கள் நண்பர் ஒருவரின் மகள் வழியாகத்தான் அறிந்தோம்.

அவள் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் பணிக்குத் தேர்வாகி, அலகாபாத்தில் (இன்று பிரயாக்ராஜ்) உள்ள பயிற்சிக் கல்லூரிக்குச் சென்றவள். விடுமுறைக்கு வந்தவளிடம் தாயார் "அரைக் கிலோ உளுந்து, கால் கிலோ கடலைப்பருப்பு" என்றால், அவள் அதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கடைக்குப் புறப்படுவாளாம். தாயார் எதற்கேனும் "சரி" என்று சொல்லிவிட்டால் விடமாட்டாள். "சரின்னா என்னம்மா? காதுல விழுந்துச்சா, புரிஞ்சுதா, செய்யப் போறியா?"

அக்கேள்வி எங்களைச் சில நாள் அலைக்கழித்தது. நம் 'சரி' எத்தனை பொருள் தாங்குகிறது! மரக்காணம் உப்பளத்தில் மேற்பார்வையாளருக்குத் தொழிலாளி சொல்லும் 'சரி' உடன்பாடாகவும் இருக்கலாம், பேச்சை முடிக்கும் உபாயமாகவும் இருக்கலாம். எங்களை அடுத்துள்ள ஆரோவில்லில் பிரெஞ்சுக்காரரும் தமிழரும் இருவருக்கும் சொந்தமல்லாத ஆங்கிலத்தில் பேசி, இருவரும் தலையாட்டி, ஆளுக்கொரு பொருள் கொண்டு பிரிவதையும் கண்டிருக்கிறோம். அங்கே பிழை நேர்ந்தால் குழாயைத் தோண்டி வேறிடத்தில் புதைத்துவிடலாம்.

விமானிகளின் பேச்சு இந்தச் 'சரி'யைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறது. 'ரோஜர்' என்றால் முழுவதும் கேட்டேன் என்பது மட்டுமே. செய்கிறேன் என்பதற்கு 'வில்கோ'. ஆம் என்பதற்கு 'அஃபர்ம்'. 1977 மார்ச் 27 அன்று டெனெரீஃப் தீவின் ஓடுதளத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் மாண்டபோது, கோபுரத்திலிருந்து புறப்பட்ட கடைசிச் சொற்களுள் ஒன்று 'ஓகே'. அதைத் தொடர்ந்து வந்த 'காத்திருங்கள், நான் அழைக்கிறேன்' என்னும் பகுதி, மற்றொரு விமானத்தின் குரல் அதே அலைவரிசையில் குறுக்கிட்டதால் தெளிவாய்க் கேட்கவில்லை. அதன்பின், ஓடுதளத்திலிருந்து எழும்ப அனுமதிக்கும்போதும் அவ்வனுமதியை நீக்கும்போதும் அன்றி 'டேக் ஆஃப்' என்ற சொல்லையே உச்சரிக்கலாகாது என்றாயிற்று.

ஆனால் எங்களை மிகுதியும் உலுக்கியது, புகழ் குறைந்த இன்னொரு விபத்து. 1989 பிப்ரவரி 19. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூரின் சுபாங் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானம். 2,400 அடிக்கு இறங்குக என்பதைக் கட்டுப்பாட்டாளர் 'டூ ஃபோர் ஸீரோ ஸீரோ' என்று சொன்னார். ஆங்கிலத்தில் இரண்டும் 'டூ', வேற்றுமை உருபு போல வரும் 'க்கு'வும் 'டூ'. விமானியின் செவியில் அது 'நானூறு அடிக்கு' என்று விழுந்தது. அவர் விதிப்படி திருப்பியும் சொன்னார்: 'ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ'. பிழை ஒலிபெருக்கியில் வந்து நின்றது, எவரும் அதைப் பிடிக்கவில்லை. விமானம் 437 அடி உயரத்தில் ஒரு குன்றில் மோதியது. நால்வர் இறந்தனர். உருபு பெயரோடு ஒட்டிக்கொள்ளும் மொழியில் பிறந்த நமக்கு இப்படியொரு மயக்கம் தோன்றவே தோன்றாது என்று ஒருவர் பெருமைப்பட்டார். நமக்கு வேறு மயக்கங்கள் உண்டு என்று மற்றவர்கள் அவரை அமர்த்தினோம்.

அங்கே கூறியது கூறல் குறைவறவே நடந்தது. கேட்டலே நடக்கவில்லை. தான் சொன்னதைத்தான் எதிரொலி சொல்லும் என்று மனம் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. சொந்தக் கட்டுரையில் அச்சுப்பிழை பார்க்கும் எவருக்கும் இது தெரியும்.

நம் நாட்டில் நிகழ்ந்தது 1996 நவம்பர் 12 அன்று, ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில். கஸகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடியில் இருக்கும்படி கட்டளை. எதிரே எழும்பி வந்த சவூதி விமானத்துக்கு 14,000. ஆயிரம் அடி இடைவெளி போதுமானதே. தில்லியின் அன்றைய ராடார் உயரத்தைக் காட்டாது. ஆகவே விமானியின் சொல்லை நம்புவதன்றி கட்டுப்பாட்டாளருக்கு வழியில்லை. எதிர் விமானம் பற்றிய எச்சரிக்கையில் தொலைவு 'பதினான்கு மைல்' என்றும் வந்தது, அதன் உயரம் 'ஒன்று நான்கு பூஜ்யம்' என்றும் வந்தது. இரண்டு பதினான்குகள். கஸக் விமானம் தன் உயரத்தை விட்டு இறங்கியதே காரணம் என்றது விசாரணை ஆணையம். கட்டளைகளைத் தவறாய்ப் பொருள்கொள்ளும் அளவுக்கு விமானிகளின் ஆங்கிலம் போதாமலிருந்ததையும் சுட்டியது. இறந்தோர் 349 பேர். பெரும்பாலோர் வளைகுடாவுக்கு வேலைக்குச் சென்றுகொண்டிருந்த நம்மவர்கள்.

இதன்பின் தில்லியில் வரும் விமானங்களுக்கும் போகும் விமானங்களுக்கும் வழிகள் பிரிக்கப்பட்டன. உயரம் காட்டும் ராடார் வந்தது. 2008 முதல் உலக அளவில் ஆங்கிலத் தேர்ச்சிக்கு ஆறு படிகள் வகுக்கப்பட்டு, நான்காம் படியேனும் எட்டாதவர் பன்னாட்டு வானில் ஒலிவாங்கியைத் தொடக்கூடாது என்றாயிற்று. நான்காம் படியினர் மூன்றாண்டுக்கு ஒருமுறை மீண்டும் தேர்வெழுத வேண்டும்.

நண்பரின் மகள் சொன்ன பயிற்சி முறை எங்களுக்குப் பிடித்திருந்தது. பாவனை விமானங்கள் திரையில் நகரும். அடுத்த அறையிலிருந்து பேசும் 'விமானி' ஒரு எண்ணை வேண்டுமென்றே மாற்றித் திருப்பிச் சொல்வார். மூன்று விமானங்களுக்கு நடுவே, களைப்பில், அதைப் பிடிக்க வேண்டும். முதல் வாரங்களில் தன் செவி சரியானதையே கேட்டுக்கொண்டிருந்தது என்றாள், ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டும் வரை.

கல்லூரி முடிந்தபின் உண்மையான நிலையத்தில், தகுதிபெற்ற ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருக்கப் பேச வேண்டும். தவறினால் அவர் உடனே குறுக்கிட்டுப் பேசிவிடுவார்.

"அந்த ஆள் கடைசிவரைக்கும் கூடவே இருப்பாரா?" என்று தாயார் கேட்டார்.

"ரேட்டிங் வாங்குற வரைக்கும்தாம்மா."