உடனிருப்போர் கட்டும் மூட்டை

ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர்க்கு நம் ஊர்களில் விளக்கக் கூட்டம் நடத்துகிறோம். இஹ்ராம் துணியிலிருந்து நகவெட்டி வரை எதை எடுப்பது, எதை விடுப்பது என்று சொல்லித்தர ஆலிம்கள் இருக்கிறார்கள். மையித்துக்குக் கஃபன் எத்தனை துண்டு என்பதை மதரஸாவில் ஓதிய சிறு பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் இவ்விரு பயணங்களையும்விட அடிக்கடி நம் குடும்பங்களுக்கு நேர்வது இன்னொரு பயணம். அது நோயாளியோடு துணையாகச் சென்று மருத்துவமனைக் கூடத்தில் நாட்கணக்கில் காத்திருக்கும் பயணம். அதற்கு என்ன கட்டிக்கொண்டு போவது என்று எந்த மேடையிலும் யாரும் சொல்லக் கேட்டதில்லை. ஆகவே அறிந்த அளவில் எழுதத் துணிகிறேன்.

நோயாளிக்குத் துணையிருப்பவரை நம் மருத்துவமனைகளில் 'அட்டெண்டர்' என்று அழைக்கிறார்கள். சற்று அலட்சியமாகவே அச்சொல் வந்து விழுகிறது. ஆனால் நம் முன்னோர் அவரை அப்படி எண்ணவில்லை. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரித்து முடிகிறது. நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு, அருகிருந்து பணி செய்யும் 'உழைச்செல்வான்' நான்காமவனாக அங்கே எண்ணப்படுகிறான். அரபு நாட்டு மருத்துவமனைகளில் இவருக்கு 'முராஃபிக்' என்று பெயர். தோழனைக் குறிக்கும் 'ரஃபீக்', மென்மையைக் குறிக்கும் 'ரிஃப்க்', ஊன்றிக்கொள்ளும் முழங்கையைக் குறிக்கும் 'மிர்ஃபக்' ஆகிய மூன்றும் அதே வேரில் பிறந்தவை. தோழமையும் மென்மையும் ஊன்றுகோலும் ஒரே ஆளிடம் கூடவேண்டும் என்றால், அந்த ஆள் முதலில் தான் விழாமல் நிற்க வேண்டும். மூட்டை கட்டுவதன் நோக்கமும் அதுவே.

திண்டுக்கல்லில் இன்று அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட 11 கல்லூரிகளுள் அதுவும் ஒன்று. எனினும் பெரிய நோய் என்றால் நம்மவர் மதுரைக்குப் பேருந்து ஏறுவது இன்னும் ஓயவில்லை. முதியோர் 'எர்ஸ்கின்' என்றும், மற்றவர் 'பெரியாஸ்பத்திரி' என்றும் சொல்லும் அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போகிறவர்கள் உண்டு. கண் என்றால் 1976 இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் உண்டு. அதற்கும் அப்பால் என்றால் காட்பாடியில் இறங்கி வேலூர். 1900 இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய வைத்தியம், இன்று வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் மக்கள் தேடிவரும் பெருநிலையமாக நிற்கிறது. எதிரே காந்தி சாலையில் கடைப்பலகைகள் வங்க மொழியிலும் எழுதப்பட்டிருக்கும்.

அங்கே 2019 ஆம் ஆண்டு என் தம்பியின் இருதய வால்வு சிகிச்சைக்காக நானும் அவன் மனைவியும் துணையிருந்தோம். வால்வு மாற்றுவதற்கு முன் உடலில் எங்கும் கிருமி தங்கியிருக்கலாகாது என்பதால் பல் மருத்துவரிடம் அனுப்பினார்கள். இரண்டு பற்களைக் களைய வேண்டியதாயிற்று. அந்தப் புண் ஆற வேண்டும், சர்க்கரை இறங்க வேண்டும், பிறகுதான் கத்தி. இவை அனைத்தும் நியாயமான காரணங்கள். ஆயினும் ஊரில் 'ஒரு வாரம்' என்று சொல்லிப் புறப்பட்ட நாங்கள் திரும்பியது 23 ஆம் நாள். அந்த நாட்களில் கண்டவற்றையே கீழே சொல்கிறேன்.

முதலில் காகிதங்கள். ஆதார் அட்டை, குடும்ப அட்டை, 2012 முதல் நடைமுறையிலுள்ள முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்ட அட்டை ஆகியவற்றின் மூலமும், ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து நகல்களும் வேண்டும். பழைய மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே, ஸ்கேன் அனைத்தையும் தேதி வரிசையில் அடுக்கி ஒரே கோப்பில் வையுங்கள். இரத்தம் தரக்கூடிய உறவினர், நண்பர்களின் பெயர், வகை, தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். செல்பேசியில் இருக்கிறதே என்பீர்கள். பேட்டரி தீர்ந்தால் உங்கள் சொந்த மகனின் எண்ணும் நினைவுக்கு வாராது.

அடுத்தது ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும். மருத்துவர் காலையில் இரண்டு நிமிடம் நின்று சொல்வதை மாலையில் உறவினர் பத்துப் பேருக்குப் பத்து விதமாகச் சொல்லிவிடுவோம். சொன்னதைச் சொன்னபடி, நாளும் நேரமும் இட்டு எழுதிவையுங்கள். ஹதீஸ் கலையை ஓதியவர்கள் அறிவிப்பாளரின் நினைவாற்றலை எவ்வளவு துருவி ஆராய்ந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நோயாளியைப் பற்றிய செய்திக்கும் அந்தப் பேணுதலில் ஒரு பங்காவது வேண்டாமா?

மூன்றாவதாகச் சொல்வதை முதலாவதாகவே கொள்ளலாம். துணையிருப்பவர் தம் மருந்தைத் தாம் எடுத்துச் செல்லவேண்டும். நாங்கள் அங்கிருந்த ஐந்தாம் நாள், தேனிப் பக்கத்திலிருந்து மனைவியை அழைத்து வந்திருந்த பெரியவர் ஒருவர் கூடத்தில் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மூன்று நாள் மாத்திரைதான் கொண்டு வந்திருக்கிறார். தீர்ந்தபின், 'அவளுக்கு முதலில் பார்ப்போம்' என்று வாங்காமல் இருந்துவிட்டார். உள்ளே மனைவி அறுவை மேசையில். வெளியே கையெழுத்திட வேண்டியவர் தூக்குப் படுக்கையில். அவர்கள் மகள் ஊரிலிருந்து வந்து சேரும் வரை பன்னிரண்டு மணி நேரம் அந்தக் குடும்பத்துக்கு ஆளே இல்லை. போவது மூன்று நாளுக்கென்றாலும் மருந்து ஒரு மாதத்துக்கு இருக்கட்டும்.

துணிமணி குறைவாகவும் விரைவில் உலர்வதாகவும் இருக்கவேண்டும். ஆண்களுக்கு இரண்டு கைலி, இரண்டு சட்டை, ஒரு துண்டு போதும். பெண்களுக்கு மெல்லிய நூல் சேலைகள். நம் சின்னாளபட்டிச் சேலை இதற்கென்றே நெய்தது போல இருக்கும். பெண்கள் தங்கள் மாதத் தேவைக்குரிய துணிகளையும் கணக்கில் கொள்ளவேண்டும். கவலையும் உறக்கமின்மையும் நாளை மாற்றிவிடும். முன்பின் அறியாத ஆண்கள் நிறைந்த கூடத்தில் ஒரு பெண் இதை யாரிடம் கேட்பாள்? என் தம்பி மனைவியிடம் ஒரு சகோதரி தயங்கித் தயங்கி வந்து கேட்டதை அறிந்த பிறகே, இதனை வெளிப்படையாக எழுதுவது ஆலிம்களுக்குக் குறைவன்று என்று முடிவு செய்தேன்.

படுக்க ஒரு பாய் அல்லது ஜமுக்காளம், ஒரு போர்வை, குளிர்சாதனக் கூடத்தின் குளிருக்குக் காதை மூட ஒரு மப்ளர் வேண்டும். பாத்திரங்களில் மூடியுள்ள தூக்குவாளி ஒன்று, பிளாஸ்க் ஒன்று, எவர்சில்வர் தம்ளர் இரண்டு, ஒரு கரண்டி, ஒரு சிறு கத்தி. பையைப் பூட்ட ஒரு சிறு பூட்டும் மெல்லிய சங்கிலியும் தேவை. 2019 இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லைதான். ஆனால் ஊரெல்லாம் பூட்டு விற்றவர்கள் வாயில்லாத பையோடு வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பணத்தை இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள். பத்தும் இருபதுமாகச் சில்லறை இருக்கட்டும்.

உணவில் பேரீச்சம்பழம், பொரிகடலை, சிறுமலை வாழைப்பழம் போன்றவை கெடாமலும் மணக்காமலும் பசியாற்றும். பார்க்க வரும் உறவினர் அன்பின் மிகுதியால் பிரியாணிப் பொட்டலத்தோடு வருவார். பக்கத்துப் படுக்கையில் அறுவைக்காகப் பட்டினி கிடப்பவரை அந்த மணம் என்ன பாடுபடுத்தும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

தொழுகைக்கு மடிக்கும் விரிப்பு ஒன்று போதும். தண்ணீர் படக்கூடாத நோயாளியின் தயம்முமுக்கு, கழுவி உலர்த்திய கல் ஒன்றைச் சுத்தமான துணியில் சுற்றி வையுங்கள். ஹனஃபி மத்ஹபில் அதன்மேல் புழுதி இருக்கவேண்டும் என்பதில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் புழுதியுள்ள மண் தேவை. புண்ணுள்ளவர் அருகே மண்ணைக் கொண்டுபோகும் முன் செவிலியரைக் கேட்டுக்கொள்வது கடமை. குர்ஆன் ஓதுவதைக் காதில் மாட்டும் கருவியால் கேளுங்கள். உறங்கும் நோயாளியை எழுப்பிவிடும் ஓதலில் நன்மை தேடுவது சரியாகாது.

கஸ்ரு பற்றிப் பலரும் கேட்கிறார்கள். திண்டுக்கல்லிலிருந்து மதுரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர்தான்; பயணத் தொழுகைக்குரிய தொலைவை அது எட்டாது. பழனியிலிருந்து வருவோர்க்கு எட்டும்; வேலூர் எல்லோருக்கும் எட்டும். ஹனஃபி மத்ஹபில் 15 நாள் தங்குவதாக உறுதி கொண்டால் முழுத் தொழுகை. ஆனால் 'நாளை போவோம், நாளை போவோம்' என்றே இருப்பவர், நாட்கள் எத்தனை ஓடினாலும் பயணிதான். ஷாஃபிஈ மத்ஹபில் இப்படி நாளை நாளை என்றிருப்பவருக்கு 18 நாள் வரை. இப்னு உமர் (ரலி) அவர்கள் அஸர்பைஜானில் பனியால் தடைபட்டு ஆறு மாதம் கஸ்ராகவே தொழுததாக அறிவிப்பு உண்டு. மாணவப் பருவத்தில் இப்பாடத்தை ஓதியபோது, வழியடைத்த பனியை மட்டுமே மனத்தில் கண்டேன். வேலூரில் 20 ஆம் நாள் ளுஹரை இரண்டு ரக்அத்தாகத் தொழுது ஸலாம் கொடுத்தபோது, எப்போது திரும்புவோம் என்று அறியாதவனுக்கும் மார்க்கத்தில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பது விளங்கியது. காத்திருப்பவன் கணக்கில் விடுபட்டவன் அல்லன்.

எடுத்துச் செல்லக் கூடாதவையும் சில உண்டு. மிதமிஞ்சிய கூட்டம், தெரிந்தவர் யாரோ இதே நோயில் மாண்ட கதை, மருத்துவர் தந்ததை நிறுத்தச் சொல்லும் கைமருந்து ஆகிய மூன்றையும் ஊரிலேயே விட்டுவிடுங்கள்.

நம் வரலாற்றுப் பெருமை பேசுவோர் 'பீமாரிஸ்தான்'களை நினைவூட்டுவர். 1184 இல் டமாஸ்கஸ் வந்த பயணி இப்னு ஜுபைர், அங்குள்ள மருத்துவமனையில் ஒவ்வொரு நோயாளியின் பெயரும், அவருக்கான உணவு, மருந்துச் செலவும் ஏட்டில் பதியப்பட்டதை எழுதிவைத்திருக்கிறார். அந்த டமாஸ்கஸ் மருந்தால் நலம்பெற்றவர் என்று சொல்லப்படும் சுல்தான் கலாவூன், பின்னாளில் கெய்ரோவில் பெரும் மருத்துவமனை எழுப்பி அதற்குச் சொத்துகளை வக்ஃபு செய்தார். இவை உண்மை, பெருமைக்குரியவையே. ஆனால் அந்தப் பெருமையால் இன்று கூடத்தில் அமர்ந்திருப்பவருக்கு ஒரு தம்ளர் வெந்நீரும் கிடைப்பதில்லை. நம்மால் இயன்றது எது என்றே பார்க்கவேண்டும்.

வேலூரின் சிறு விடுதிகளில் ஒரு வழக்கம் கண்டேன். நலமாகி ஊர் திரும்புவோர், தாம் வாங்கிய வாளி, பாய், அடுப்பு முதலியவற்றைப் புதிதாக வந்தவர்க்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எங்களுக்கு வாளி தந்தவர் ஒரு வங்காளி. பெயர் கேட்கவும் நேரமில்லை. தம்பி நலமாகிப் புறப்பட்ட நாளில் அது சேலத்துக் குடும்பம் ஒன்றின் கைக்குப் போயிற்று. தேனிப் பெரியவரின் மனைவி மீளவில்லை. அவர் மகள் தந்தையை அழைத்துக்கொண்டு போகும்போது, தாய்க்கு வாங்கிய பிளாஸ்க்கை எங்கள் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனாள்.

இதைத்தான் நம் ஜமாஅத்துகளின் முன் வைக்கிறேன். ஒவ்வொரு பள்ளிவாசலிலும் சந்தூக்கு இருக்கிறது. எவர் வீட்டில் மௌத்து நேர்ந்தாலும் கேட்ட மாத்திரத்தில் தோள்மேல் வருகிறது. இறந்தவருக்கு ஆயத்தமாக நிற்கும் பள்ளிவாசல், பிழைக்கப் போராடுகிறவரின் வீட்டாருக்காக இரண்டு பைகளை ஆயத்தமாக வைக்கலாகாதா? பாய், போர்வை, பிளாஸ்க், தூக்குவாளி, தம்ளர், பூட்டு, பல துளையுள்ள மின்இணைப்புக் கம்பி, நோட்டுப் புத்தகம் ஆகியவை ஒரு பையில். ஒரு பதிவேடு, எடுத்துச் செல்பவர் பெயர், திருப்பித் தரும் நாள். திரும்பியதும் துவைத்து உலர்த்தி மீண்டும் கட்டிவைப்பது இளைஞர் பொறுப்பு. நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டவரை ஏற்றும் வண்டியில் அந்தப் பையும் ஏறட்டும். கேட்டு வருபவர் இந்துச் சகோதரரா, கிறிஸ்தவரா என்று பதிவேட்டில் எழுதும் பத்தி வேண்டாம்.

அசையும் பொருளை வக்ஃபு செய்யலாமா என்று சிலர் தடுப்பர். ஹனஃபி நூல்களில் இதற்கு விடை இருக்கிறது. மக்களிடையே வழக்கமாகிவிட்ட அசையும் பொருள்களை வக்ஃபு செய்வது கூடும் என்பது இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களின் கருத்து. அதற்கு அவர்கள் காட்டும் உதாரணங்களில் கோடரியும் ரம்பமும் உள்ளன. ஜனாஸாக் கட்டிலும் அதன் துணியும் உள்ளன. சமைக்கும் பானைகளும் உள்ளன. கட்டிலும் பானையும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. கட்டிலை நாம் எடுத்துக்கொண்டோம், பானையை விட்டுவிட்டோம்.

பேகம்பூரிலோ நத்தத்திலோ பழனியிலோ ஏதேனும் ஒரு ஜமாஅத் இதைத் தொடங்கினால் மற்றவை தாமே பின்தொடரும். செலவு ஓர் ஆட்டின் விலைக்கு மேல் போகாது. நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவையும், அவர்கள் அருகில் கண்விழித்திருப்போருக்கு ஸபரையும் உடல் வலிமையையும் தந்தருள்வானாக. ஆமீன்.