அடக்கு என்று சொல்லாத அப்பத்தா

பேரன் என்றால் எந்தப் பாட்டிக்கும் உயிர்தான். ஆனால் அந்தப் பேரன் காரணமின்றிக் கண்ணைச் சிமிட்டுகிறான், தோளைக் குலுக்குகிறான், நிமிடத்திற்கொரு முறை தொண்டையைச் செருமுகிறான் என்றால் ஊர் என்ன சொல்லும்? 'கோணங்கி' என்னும், 'சேட்டை' என்னும், 'காத்துக் கருப்பு' என்னும். என் சித்தப்பா மகனை எங்கள் ஊர் இம்மூன்றும் சொன்னது. சித்தப்பாவும் சித்தியும் விடியற்காலையில் பட்டாசு ஆலை வேனில் ஏறிவிடுவார்கள். அவனை வளர்ப்பவர் அப்பத்தாதான்.

அவனுக்கு ஏழு வயதில் கண் சிமிட்டல் தொடங்கியது. அப்பத்தா இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கண்மலர் வாங்கிச் சாத்தினார். கண் மருத்துவரோ கண்ணில் குறையே இல்லை என்றார். அடுத்த ஆண்டு தோளும் தொண்டையும் சேர்ந்துகொண்டன. இறுதியில் மதுரையில் நரம்பியல் மருத்துவர் ஒருவர்தாம் அதன் பெயரைச் சொன்னார்: 'டூரெட் நோய்க்குறி'.

1885ஆம் ஆண்டில் ஒன்பது நோயாளிகளை ஆராய்ந்து இதனை விவரித்தவர், பாரிசு நகரத்து மருத்துவர் ஜில் தெ லா டூரெட். நம் அசைவுகளைக் கட்டுப்படுத்தும் மூளைச் சுற்றுகளில் ஏற்படும் மாறுபாடே இது. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு; வளர்ப்புக்குப் பங்கில்லை. பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் தொடங்கும். பத்து, பன்னிரண்டு வயதில் மிகும். பின்னர் பலருக்குத் தணிந்துவிடும். அறிவை இது குறைப்பதில்லை. தகாத சொற்கள் தாமாக வாயில் வருவதும் சிலருக்கு மட்டுமே.

நண்பர்களே, சற்று நேரம் இமைக்காமல் இருந்து பாருங்கள். முடியும், ஆனால் உள்ளே ஓர் அரிப்பு ஏறிக்கொண்டே போகும். முடிவில் இமைத்தால்தான் நிம்மதி. அவனுக்கு நாளெல்லாம் அதே நிலைதான். பள்ளியில் பல்லைக் கடித்து அடக்குகிறான். வீட்டு வாசலை மிதித்ததும் எல்லாம் கொட்டித் தீர்க்கிறது. "பள்ளிக்கூடத்துல நல்லாத்தான இருக்கான், இங்க வந்துதான் இந்தக் கூத்து" என்றனர் அண்டை வீட்டார். "அடக்கி அடக்கிக் களைச்சுப் போயி வந்திருக்கான். விடுங்க" என்றார் அப்பத்தா. தீப்பெட்டி ஒட்டியே காலம் கழித்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர் கண்டறிந்த மருத்துவம் அது. மாலையில் ஒரு மணி நேரம் அவனை யாரும் எதுவும் கேட்கக் கூடாது. அதன்பின் அவன் அவருக்குத் தினத்தந்தி படித்துக் காட்ட வேண்டும். படிப்பில் மனம் ஒன்றிவிட்டால் தோள் தானாகவே ஓய்ந்திருக்கும்.

பள்ளியில் ஒருநாள், கேலி செய்கிறான் என்று வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அப்பத்தா மறுநாளே போனார். "சார், தும்மல் வர்றப்ப அடிச்சா நிக்குமா? இவனுக்கு அது நாளெல்லாம் வருது. அம்புட்டுத்தான்" என்றார். 'மற்ற பிள்ளைகளும் பழகிவிடுவார்களே' என்பது ஆசிரியரின் அச்சம். இது புதிய அச்சமன்று. 1755இல் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சனுக்கும் இந்நோய் இருந்தது என்று மருத்துவ அறிஞர் பலர் கருதுகின்றனர். 1735இல் அவருக்கு ஒரு பள்ளியின் ஆசிரியர் பதவி மறுக்கப்பட்டது. அவருடைய முகக் கோணல் மாணவரைப் பாதிக்கும் என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அது அவரால் தவிர்க்க இயலாதது என்று தெரிந்தே மறுத்தார்கள்!

எங்கள் பள்ளி ஆசிரியர் அவ்வாறு செய்யவில்லை. அப்பத்தா சொன்ன தும்மலையே வகுப்புக்கும் எடுத்துச் சொன்னார். கதவோரம் இடம் தந்தார். தேவைப்பட்டால் கேளாமலே வெளியே சென்று வரலாம் என்றார். இரண்டு வாரத்தில் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது: கோணுவது அன்று, கவனிக்காமல் இருப்பது.

இதில் அப்பத்தா ஏன் இவ்வளவு பிடிவாதம்? எங்கள் பக்கத்தில் படிப்பை விட்டவனுக்குப் பட்டாசு ஆலைதான் அடுத்த கதவு. அங்கே மருந்துக்குச் சிறிய உராய்வே போதும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த மண் இது. "குலுங்குற கையி மருந்துப் பக்கம் போகக் கூடாது, பேனாதான் பிடிக்கணும்" என்பார் அவர்.

இன்று அவனுக்கு வயது பதினொன்று. நோய் உச்சத்தில் நிற்கும் பருவம். உந்துதல் எழும்போது வேறோர் அசைவால் அதனை ஈடுசெய்யும் பயிற்சியை மருத்துவர் கற்றுத் தருகிறார். பயன் மெல்ல மெல்லத் தெரிகிறது. நோய் ஒருநாள் தணியலாம். ஆனால் இடையில் விட்ட படிப்பு தானாகத் திரும்பி வராது. அதுவரை அவனைப் பெஞ்சில் உட்கார வைத்திருப்பதே அப்பத்தாவின் போராட்டம்.

நம்மில் பலர் நாளை ஆசிரியராகப் போகிறவர்கள். நம் வகுப்பிலும் இப்படி ஒரு பிள்ளை வந்து அமர்வான். அவனுடைய தோளைப் பாராமல், அவன் சொல்ல வந்த விடையைக் கேட்போம்!